முதல் வகுப்பு இலவசம்

இலவசம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் வட்டுக்கோட்டையில் டியூட்டரி நடத்தியிருக்க மாட்டான். நான் நடத்தினேன்.

நான் படித்த பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த காலம். வெங்காயத் தோட்டத்துக்கு வா என்று அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கோ குனிந்தால் நாரி பிடித்து இடுப்பு நிமிராது. இரண்டு மாதத்துக்குள் பிள்ளைகள் சேராவிட்டால் மண்வெட்டிதான் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். மாமா வீட்டு வளவில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு, பிள்ளைகள் இருக்க ஐந்து நீட்டு வாங்குகளை இரவல் எடுத்து, இரசாயனவியல் படிப்பிக்கத் தொடங்கினேன். கடதாசிக்குத் தட்டுப்பாடு. கொப்பித் தாள்களில் ‘முதல் வகுப்பு இலவசம்’ என்று கையால் எழுதிச் சந்திச் சுவரெல்லாம் ஒட்டினேன்.

கொட்டில் நிறைந்து வேலியோரமும் பிள்ளைகள் நின்றார்கள். அணுவைப் பிளந்து காட்டாத குறையாகப் படிப்பித்தேன். அடுத்த கிழமை ஒருவருமில்லை. விசாரித்தால், எங்கள் பகுதியில் எல்லா டியூட்டரியிலும் முதல் வகுப்பு இலவசமாம். பாவிகள் அணுவை மட்டும் ஆறு இடத்தில் படித்திருந்தார்கள்.

மூளையைப் பாவித்து, ‘இரண்டாம் வகுப்பு இலவசம்’ என்று மாற்றி ஒட்டினேன். முதல் வகுப்புக்கு நானும் வாங்குகளும் மட்டும். இரண்டாவதுக்குத் திருவிழாக் கூட்டம். மூன்றாவதுக்குப் பழையபடி நானும் வாங்குகளும். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஒட்டியதையெல்லாம் கிழித்தெறிந்துவிட்டு, ‘இடமில்லை’ என்று பெரிதாக எழுதி வாசல் படலையில் ஒட்டினேன். விளம்பரம் என்று நினைத்து ஒட்டவில்லை, வெறும் ரோசம்.

மறுநாள் ஒரு தகப்பன் சைக்கிள் கரியரில் கதிரை ஒன்றைக் கட்டிக்கொண்டு மகளோடு வந்து இறங்கினார்.

“தம்பி, இடமில்லையெண்டு கேள்விப்பட்டன். இந்தக் கதிரையைப் பின்னுக்குப் போட்டு இவளை இருத்துங்கோ.”

வாங்குகள் வெறுமையாகத்தானே கிடக்கின்றன, அதில் இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“உது முதலே இடம் பிடிச்சவையின்ரை. பிறகு சண்டை வரும். பிள்ளை பின்னுக்கே இருக்கட்டும்.”

கிழமை முடிவதற்குள் பதினைந்து கதிரைகள் வந்துவிட்டன. அதில் ஒன்று சாய்மனைக் கதிரை. அப்பா மண்வெட்டிப் பேச்சையே விட்டுவிட்டார். வாங்குகளில் இருக்க மட்டும் ஒரு பிள்ளையும் துணியவில்லை, உண்மையைச் சொல்ல நானும் துணியவில்லை. பள்ளித் தவணை முடியும்வரை அந்த ஐந்து வெறும் வாங்குகளுக்கு மேலால், பின்னுக்கிருந்த பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்திப் படிப்பித்தேன்.