தனலெட்சுமிக்குரிய நாற்காலி

செய்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. கிள்ளானிலிருந்து செல்வி தொலைபேசியில் அழைத்தார். "மணியம் அண்ணே, தனம் அக்கா தவறிட்டாங்க. கோப்பி கலக்கிட்டு வந்து உக்காந்தாங்க. அவ்ளோதான்." செல்வி மருத்துவமனைத் தாதி, தனலெட்சுமியிடம் பூப்பந்து கற்றவர். அழாமல்தான் சொன்னார். மத்தியானம் நான் கிள்ளானுக்குப் போனபோது வீட்டு வாசலில் ஆளுயர மலர்வளையம் ஒன்று நின்றது. பூப்பந்துச் சங்கம் அனுப்பியது. 'எங்கள் அன்புப் பயிற்றுநருக்கு' என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

'பயிற்றுநர்' என்ற அந்தச் சொல்லை அவர் உயிரோடிருந்தவரை அவருக்குக் கொடுக்காதவர்கள் இவர்கள். பிரிக்பீல்ட்ஸ் பூப்பந்து மண்டபத்தில் அவரோடு ஆடிய உங்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் திறக்காதவர்களில் முதல் ஆள் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் தொலைபேசி இலாகாவில் வேலை செய்தோம். அவர் கீழ்த்தளத்தில் ஆபரேட்டர், நான் மாடியில் குமாஸ்தா. எழுபதுகளின் கடைசியில் இலாகாவின் பெண்கள் அணியில் அவரை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தொரு வயதில் முழங்கால் போனது. இனிக் குதிக்கவே கூடாது என்றார் மருத்துவர். நான் ஆறுதல் சொல்லப் போனேன். "ஆடக்கூடாதுன்னுதான் சொன்னாரு, மணியம். ஆட வைக்கக்கூடாதுன்னு சொல்லல" என்றார். அந்த வாரமே சங்கத்தின் பயிற்றுநர் வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை. நானும் கொடுத்தேன்.

வகுப்பு அம்பாங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பத்தொன்பது ஆண்கள், அவர் ஒருவர். முதல் நாள் வகுப்பை நடத்தியவர் அவரைப் பார்த்ததும், "சிஸ்டர், எல்லாருக்கும் தேத்தண்ணி ரெடி பண்ணிருங்க லா" என்றார். தனலெட்சுமி மறுக்கவில்லை. இருபது பேருக்கும் கலக்கி வைத்தார். பிறகு தன் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்வரிசை நடுவில் போய் உட்கார்ந்தார். "ஆறிடும், குடிங்க. அப்படியே பாடத்த ஆரம்பிங்க" என்றார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

கடைசி ஞாயிறு செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு ஆட்டக்காரரைக் கொடுத்து, குறையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்கள். நான் முதல் அடியிலிருந்தே கையைத் தூக்கு, மணிக்கட்டை மடக்கு என்று கத்திக்கொண்டிருந்தேன். தனலெட்சுமி ஷட்டில்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தார்; இதைத்தான் ஃபீடிங் என்போம். பத்து அடி முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கிட்டே போய், அந்த ஆளின் வலது கால் நிற்கும் இடத்தை ஒரு சாண் பின்னால் மாற்றினார். அடுத்த அடியின் சத்தம் சுவரில் மோதி எதிரொலித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "பத்து தடவ பாக்கணும். ஒரு தடவ சொல்லணும்" என்று எனக்கு விளக்கினார்.

அவர்தான் முதலாவதாகத் தேறினார். சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. அச்சடித்த தாளில் பெயருக்கு முன்னால் ஆண்களுக்குரிய 'என்சிக்' என்ற மலாய் அடைமொழியையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்களாம். புதிதாக அடித்துத் தருகிறோம், பொறுங்கள் என்றார் செயலாளர். அவர் பொறுத்தார். மாதாமாதம் போய்க் கேட்டார். ஒரு முறை அவர் கண்ணெதிரிலேயே ஏதோ கச்சேரி அழைப்பிதழை அடித்துக்கொண்டிருந்தார்களாம், அவருடைய தாளுக்குத்தான் நேரமில்லை. இதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் கசப்பு தெரிந்தது.

சான்றிதழ் இல்லாதவர் போட்டியில் பயிற்றுநர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது விதி. இலாகாவின் பெண்கள் அணிக்கு என் பெயரைப் பதிந்தார்கள். தனலெட்சுமியை உதவியாளர் என்று எழுதினார்கள். வாரத்தில் நான்கு மாலை அவர் பயிற்சி கொடுத்தார். போட்டி நாளில் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், அவர் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். இடைவேளையில் ஆட்டக்காரிகள் என்னைத் தாண்டி அவரிடம் ஓடுவார்கள். நடுவர் அதட்டுவார். நான் எழுந்து, இவர்தான் பயிற்றுநர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டு அணி கோப்பை வென்றது. பத்திரிகை நிருபர் என்னிடம் வெற்றியின் ரகசியம் கேட்டார். "ஐந்து முறை பார்ப்பேன், ஒரு முறை சொல்வேன்" என்றேன். படத்தோடு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மறுநாள் தனலெட்சுமி பத்திரிகையை மடித்து என் மேசைமேல் வைத்தார். "பத்து தடவ, மணியம். எடுக்கறதுதான் எடுக்குறீங்க, சரியா எடுங்க."

அந்த ஆண்டு முடிவதற்குள் மாற்றல் கேட்டுக் கிள்ளானுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சமூக மண்டபத்தின் பின்னால், திறந்தவெளித் தளத்தில், வேலைக்குப் போகும் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். சங்கத்தில் பதியவில்லை. செல்வி அப்படி வந்தவர்தான்.

நான் சங்கத்தின் செயற்குழுவில் இடம் பிடித்தேன். பத்து ஆண்டு கழித்து அலுவலகம் மாறியபோது இரும்பு அலமாரியைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஒரு கோப்பில் அவருடைய சான்றிதழ் இருந்தது. 'என்சிக்' என்பதை அடித்துவிட்டு மேலே பெண்களுக்குரிய 'சிக்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. வகுப்பு முடிந்த அதே மாதத்துத் தேதி. தயாராகத்தான் இருந்திருக்கிறது. கொடுக்கத்தான் அவர்களுக்கு மனம் வரவில்லை. செயலாளரிடம் காட்டினேன். "பழைய கதைய ஏம்பா கிளறுற? போஸ்ட்ல அனுப்பிரு" என்றார்.

நான் காரில் கிள்ளானுக்கு எடுத்துப் போனேன். தளத்தில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தனலெட்சுமி தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"தப்பு பண்ணிட்டாங்க, தனம்" என்றேன்.

"பண்ணிட்டாங்களா? நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்." குரலை உயர்த்தவில்லை. "அவனுங்க யாருன்னே எனக்குத் தெரியாது, மணியம். ஒங்களத் தெரியும். ஒங்கள நெனச்சாதான் எனக்கு அசிங்கமா இருந்துச்சு. ரொம்ப வருஷம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "முட்டி வலிக்குது. நின்னு போட்டுக் குடுக்க முடியல. வந்ததுக்கு அந்த ஷட்டில் கூடைய எடுங்க" என்றார்.

அன்று மாலை முழுவதும் நான் வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஷட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டக்காரிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. நான் நிறுத்தவில்லை. பெண்கள் வலையைக் கழற்றிச் சுருட்டும்போது என் பக்கம் திரும்பி, "ஃபீடிங் பரவால்ல" என்றார். வீட்டுக்குள் அழைக்கவில்லை. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை பல: நாற்காலி, வாக்கியம், பத்திரிகையில் வந்த படம். அவராகக் கொடுத்தது அந்த இரண்டு வார்த்தைகள்தான். அவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.