டப்பியில் துப்பிய எச்சில்

தேயிலைக்கு விலை இல்லாமல் போன வருஷங்களில் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. எனக்கு இரண்டு மாதமாக இருமல். குளிருக்கு வருவதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். இருமுகிறவர்களுக்கெல்லாம் மூடி போட்ட சின்ன டப்பி கொடுத்தார்.

"காலையில எந்திரிச்சதும் நல்லாக் காறி, நெஞ்சுல இருக்கற சளியைத் துப்போணுங்க. எச்சில் ஆகாதுங்க."

சூப்பர்வைசர் சிரித்தார். "டப்பி வாங்குனவங்கெல்லாம் நாளைக்கு ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க. வேலையும் இல்ல பாருங்க."

பெண்களும் சிரித்தார்கள். நான் டப்பியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

லைன் வீட்டில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காறினால் அங்கே கேட்கும். ஆட்கள் இருக்குமிடத்தில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டேன் நான். விடிந்ததும் வாயில் எச்சிலைக் கூட்டி, சத்தமில்லாமல் துப்பி மூடினேன்.

"இது சளிதானுங்களா?" என்று அந்த ஆள் டப்பியைத் தூக்கிப் பார்த்தார். தலையாட்டினேன். காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்தது; குளிர் இருமல்தான் என்று லைனிலும் நம்பினார்கள். அதற்குப் பிறகும் நானும் என் மகளும் ஒரே கம்பளிக்குள்தான் படுத்தோம்.

எஸ்டேட்டில் வேலை குறையக் குறைய, மகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். நாலு மாதத்தில் திரும்பி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள், இருமல் வேறு. அவள் என்னைப்போல் கூச்சப்படவில்லை. சொன்னபடியே காறித் துப்பிக் கொடுத்தாள். காசநோய் என்று வந்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா வீட்டுக்கே வந்தார். நாங்கள் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாம் திருப்பூர்ல இருந்து கொண்டாந்த சீக்குதானுங்க. அங்க போன புள்ளைகள்லாம் இப்படித்தான்."

நர்ஸ் அம்மா அவளைப் பொருட்படுத்தவில்லை. என்னைத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த ஊட்டுல மொதல்ல யாருக்கு இருமல் வந்துச்சு?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எச்சில் கொடுத்து ஏமாற்றியது தெரிந்துவிடும். இருக்கிற மூன்று நாள் வேலையும் போய்விடும்.

"அவளுக்குத்தானுங்க" என்றேன்.

நர்ஸ் அம்மா எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரு டப்பி கொடுத்தார். "அந்தச் செடிக்குப் பின்னால போய் நல்லாக் காறுங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்." அவ்வளவுதான். காறினேன், வந்தது. எனக்கும் அதே நோய்.

"பாப்பா உங்களுக்கும் குடுத்துருச்சு பாருங்க" என்றார், பாவப்பட்டு.

திருப்பூருக்குச் சொல்லி அனுப்பி, அவளோடு தங்கியிருந்த பெண்களையும் சோதித்தார்கள். ஒருத்திக்கும் இல்லை. ஆனாலும் கம்பெனியில் இவளைத் திரும்ப எடுக்கவில்லை. லைனில் இவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. என் கையால் குடித்தார்கள். மகளைப் பார்த்துக்கொண்டு நோய் வாங்கிக்கொண்ட தாய் என்று இரக்கம்கூடப் பட்டார்கள்.

ஆறு மாதம் இருவரும் நர்ஸ் அம்மா பார்க்க மாத்திரை விழுங்கினோம். கடைசி நாளில் அவர் அட்டையில் எழுதி, "ரெண்டு பேருக்கும் குணமாயிருச்சுங்க" என்றார்.

மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இப்பவாச்சும் சொல்லும்மா."

நர்ஸ் அம்மா நிமிர்ந்தார். "என்னங்க?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

அடுத்த வாரம் அவள் கோயம்புத்தூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே தனக்கு அம்மா இல்லை என்று சொல்லியிருக்கிறாளாம்.