கும்மட்டம் பார்க்கப் போட்ட முக்காடு

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து போன மறுவருஷம், வல்லத்திராக்கோட்டையிலிருந்து மாமியாரோடும் வீட்டுக்காரரோடும் திருச்சி போனேன். தூணே இல்லாமல் நிற்கும் பழைய தர்காவின் கும்மட்டத்தை உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வாசலில் இருந்த பெரியவர், "தலைய மூடிக்கிட்டு வாங்கம்மா" என்றார். எங்கள் பக்கம் தாலி அறுத்தவள்தான் முக்காடு போடுவாள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கயில ஒனக்கு முக்காடு கேக்குதாடி?"

"ஒரு முந்தானைக்குப் போற உசுரா ஒங்க மகன் உசுரு?" என்று கேட்டுவிட்டு, முக்காடு போட்டு உள்ளே போனேன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் ஒரு கல்கூட நழுவாமல் நிறுத்தியிருந்தார்கள்.

வெளியே வந்தும் முக்காட்டை எடுக்கவில்லை. புதுக்கோட்டை பஸ்ஸில் வீட்டுக்காரர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன். வழிநெடுக அவர் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டுதான் வந்தார்.