கூட்ரோட்டில் கட்டிய முகம்

கிருபாகரனுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணத் தெரியும். மறைமலைநகரில் காருக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு ஒப்பந்த வேலை. புதுப்பட்டினத்திலிருந்து விடியலில் கிளம்பும் கம்பெனி பஸ், திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் அவன் ஊருக்குச் சாலை பிரியும் கூட்ரோட்டில் நின்று அவனை ஏற்றிக்கொள்ளும். ஏறி உட்கார்ந்தால் போதும், பஸ் ஒரு பக்கம் போகும், ஆசாமி ஒரு பக்கம் போவான். போகிற இடத்தில் ஒரு வீடு இருக்கும். அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒருத்தி எட்டிப் பார்ப்பாள்.

அந்த ஒருத்தி பக்கத்து சீட்டிலேயேதான் இருந்தாள். ஹரிப்ரியா, புதுப்பட்டினத்துப் பெண். அதே கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் நிரந்தர வேலை. ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமான நாளிலிருந்து, பக்கத்து சீட்டில் தன் கைப்பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்துக்கொண்டு வருவாள். கூட்ரோட்டில் அவன் தலை தெரிந்ததும் பை மடிக்குப் போகும். பஸ்ஸே கிண்டல் செய்யும், அவள் சட்டை செய்ய மாட்டாள்.

கம்பெனியில் அவனுக்குப் பேர் கிடையாது. "ஏய் கான்ட்ராக்ட், இங்க வா" என்பார் சூப்பர்வைசர். வருஷம் முடிந்தால் திரும்பக் கூப்பிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. இப்படிக் கிடந்தவனைத்தான் பக்தவத்சலம் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், பாரம்பரியக் காவல் பேரவையின் தலைவர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன். கிருபாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவர் அவர்தான். பார்க்கும்போதெல்லாம் "சாப்ட்டியா கிருபா?" என்று கேட்பார். இருபத்தி நாலு வயசு ஆம்பளையை அம்மாவைத் தவிர வேறு யார் அப்படிக் கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பேரவைப் பிள்ளைகள் எல்லாரும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் கூடுவார்கள். வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்பார்கள். விசில் ஊதினால் எல்லாக் கையும் ஒன்றாக உயரும். எதிரே சூரியன் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வரும். நம்ம பழக்கவழக்கம், நம்ம குடும்பம், வீட்டைத் தாங்குகிறவன் ஆம்பளை, வரப்போகிற தேர்தலில் வார்டுக்கு நம்ம ஆள் என்று அண்ணன் பேசுவார். பாதி அலையில் போய்விடும். கிருபாவுக்குப் பேச்சு முக்கியமில்லை. இடது பக்கம் ஒரு தோள், வலது பக்கம் ஒரு தோள், நடுவில் தன் இடம். அங்கே நிற்கையில் அவன் கனவு வீடு கைக்கு எட்டுகிற தூரத்தில் தெரியும். அவன் சந்தோஷமாக இருந்தான்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஃப்ளெக்ஸ் வைக்க முடிவு செய்தார்கள். "பேரவையில உனக்குப் பொறுப்பு குடுத்தாச்சு. நல்ல ஃபோட்டோ ஒண்ணு அனுப்பு" என்றார் அண்ணன். அச்சடிக்கும் முன்னால் மாதிரி ஃபோனுக்கு வந்தது. கிருபா அதை விரலால் பெரிதாக்கி, தன் முகத்தை மட்டும் பார்த்தான். "மீசைய கொஞ்சம் கருப்பாக்க சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஓகே போட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? ஃப்ளெக்ஸில் எழுத்தை எவன் படிக்கிறான்? தன் முகம் எங்கே, தனக்கு மேலே எவன் முகம் என்றுதானே எல்லாரும் தேடுவார்கள்.

திங்கட்கிழமை கூட்ரோட்டில் இரண்டு சவுக்குக் கட்டைக்கு நடுவே அவன் முகம் நின்றது. அதன் கீழேயே நின்று பஸ் ஏறினான். சீட்டில் பை அப்படியே இருந்தது.

"பைய எடு ஹரி."

"ஜன்னல் வழியா அந்த போர்ட ஒருவாட்டி படி" என்றாள் அவள்.

அப்போதுதான் படித்தான். 'ஆலை வாசல் பெண்ணுக்கல்ல, இல்லத்து வாசலே அவளுக்கு அழகு.' அதற்குக் கீழே சிரித்துக்கொண்டு அவன்.

"சத்தியமா நான் படிக்கல. அவங்க போட்டது."

"மூஞ்சி உன்துதான? எங்கப்பா போனப்புறம் அந்த ஆலை வாசல வெச்சிதான் எங்க வூட்ல அடுப்பு எரியுது. எங்கம்மா கண்ணுல இது படறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. இல்லன்னா நிச்சயத்துக்கு வெச்ச பொடவைய நானே திருப்பி அனுப்பிடறேன்."

அன்றைக்கு மறைமலைநகர் வரை நின்றுகொண்டே போனான். கனவு வந்தது, ஆனால் சரியாக வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினான், உள்ளேயிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் எட்டிப் பார்த்தவள் எங்கே போய்விட்டு வந்தாள், அவளுக்குக் கால் வலித்ததா என்று அந்தக் கனவில் ஒருநாளும் தான் கேட்டதில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

மறுநாள் பஸ் வருவதற்கு முன்னால் கட்டையில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். வயல் முழுக்கப் பனி மாதிரி ஈரப்புகை. ஒரு பக்கம் தளர்ந்ததும் அவன் முகம் சுருங்கி, மடிந்து, தரையில் விழுந்தது. உலகத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தார். சுருட்டி டீக்கடைக்குப் பின்னால் வைத்தான்.

பஸ்ஸில் ஏறியதும், வெறும் கட்டைகளைப் பார்த்திருந்த ஹரிப்ரியாவின் கை பையைத் தூக்கப் போனது.

"யாருன்னா கேட்டா இன்னா சொல்லுவ?"

"காத்துல அறுந்துகிச்சின்னு சொல்லிக்கலாம்."

கை நின்றுவிட்டது. பை மறுபடி சீட்டில் உட்கார்ந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஃபோன் அடித்தது. பக்தவத்சலம் அண்ணன். "இன்னா கிருபா, போர்டக் காணம். எவன் வேல இது?"

முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காற்று என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவன் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான்தாண்ணா அவுத்தேன். நான் கட்டிக்கப் போற பொண்ணு ஆலைக்குத்தாண்ணா போவுது."

"சரிப்பா. அப்போ ஞாயித்துக்கெழம நீ வர வேணாம்" என்றார் அண்ணன். கோபமே இல்லை அவர் குரலில். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

கண்ணை மூடினால் கடற்கரை தெரிந்தது. வெள்ளைச் சட்டைகள் கொஞ்சம் நகர்ந்து நின்று அவன் இடத்தை அடைத்துக்கொண்டன. அலை வந்து மணலைத் துடைத்துவிட்டுப் போனது. அவனுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

ஹரிப்ரியா உடனே பையை எடுக்கவில்லை. செங்கல்பட்டு ஏரி தெரிந்த பிறகு எடுத்தாள்.