பழைய துணிக்குப் பின்னால் ஒரு வாசல்

வீடில்லாத பெண்களுக்கு ஒரு வீட்டை நடத்துகிறவளுக்குக் கதவைத் திறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, திறக்காமல் நிற்கவும் தெரிய வேண்டும். இதை எனக்கு முதலில் சொன்னவர் ஜெபமணி அக்கா. தூத்துக்குடியில் எங்கள் இல்லத்துக்கு நான் தலைவியாகப் பொறுப்பேற்ற அன்று காலையில், முருகன் படத்துக்குப் பூப் போட்டுவிட்டுத் திரும்பியபோது சொன்னார். அக்கா நாசரேத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், இல்லத்திலேயே தங்கி வார்டன் வேலை பார்க்கிறவர்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மகளைச் சாகுபுரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று, மகன் பெங்களூரில். பொழுது போகாமல் இல்லத்துக்குக் காய் நறுக்கப் போனவள்தான் நான். பழைய தலைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் கமிட்டி கூடியது. படித்தவர்கள் எல்லாரும் நேரமில்லை என்றார்கள். எனக்கு நேரம் இருந்தது. வேறு தகுதி எதுவும் இல்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது வந்து, “என் பெண்டாட்டி இங்கே இருக்காளா, என் தங்கச்சி இருக்காளா” என்று கேட்டால், இருக்கிறாள் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். கேட்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுப்போம். அந்த டீ ஆறுவதற்குள் உள்ளே இருப்பவள் அடுக்களை ஜன்னல் வழியாக வந்தவரைப் பார்த்து, போகிறேன், போகவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதுதான் முடிவு. இதையெல்லாம் கேட்டதும் “பயமா இருக்குக்கா” என்றேன். இது மாதிரி இல்லம் நடத்துகிற நீங்களும் முதல் நாள் யாரிடமாவது இதைச் சொல்லியிருப்பீர்கள். அக்கா சிரிக்கவில்லை.

“பயப்படுங்க, ஆனா கதவுகிட்ட நின்னு பயப்படுங்க.”

முதல் கேள்வி

முத்துக்கனியை மகளிர் காவல் நிலையத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம், கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளங்களுக்கு நடுவில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாளாம். வலை பின்னுகிறவர்கள் சோறு கொடுத்திருக்கிறார்கள், பெயரைக் கேட்டால் மட்டும் சொல்லவில்லை. முப்பது வயதுகூட இருக்காது. இடது கையில் சூடு போட்ட தழும்பு.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். குளிக்கத் தண்ணீர் எங்கே, படுக்க இடம் எது, சாப்பாடு எப்போது. நானும் கேட்காமலே எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு போனேன். அவள் எதையும் பார்க்கவில்லை. கேட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“இன்னொரு வாசல் இருக்காம்மா?”

கோட்டும் சூட்டும்

இருந்தது. அடுக்களைக்குப் பின்னால், பக்கத்துச் சந்தில் திறக்கிற ஒரு சின்னக் கதவு. நானே அதை மறந்துபோயிருந்தேன். காரணம், பழைய துணி. இல்லம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டில் பீரோவை ஒழித்தால் நம் ஞாபகம் வந்துவிடும் ஜனங்களுக்கு. நல்ல மனசோடுதான் தருகிறார்கள். ஆனால் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஆண்களின் பேண்ட் வரும், சரிகை கிழிந்த பட்டுச்சேலை வரும். ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையின் கோட்டும் சூட்டும் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அந்தக் கதவை மறைத்து அடுக்கியிருந்தோம்.

மறுநாள் முத்துக்கனி பெயரைச் சொன்னாள். சொன்ன கையோடு மூட்டைகளை நகர்த்த ஆரம்பித்தாள். மாலைக்குள் கதவு தெரிந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, சத்தமில்லாமல் திறக்கிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். ரயில்வே ஸ்டேஷனில் படுத்துக் கிடந்து எங்களிடம் வந்த பாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது. அந்த மாப்பிள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏளா, எல்லாரும் உள்ள வர வழி தேடுதாளுவ, நீ வந்ததும் வராததுமா வெளிய போவ வழி தேடுதியே!”

மீன் வாங்கிய மதியம்

கொஞ்சம் கொஞ்சமாக முத்துக்கனி அக்காவிடம் பேசினாள். சூடு வைத்தவன் கட்டிய புருஷன். இதற்கு முன்னாலும் அவள் வீட்டைவிட்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தேடிக் கண்டுபிடித்து, ஊரார் முன்னால் காலில் விழுந்து அழுது கூட்டிக்கொண்டு போவானாம். கடைசியாகக் கூட்டிப் போனபோது, இனி போனால் உயிரோடு திரும்ப மாட்டாய் என்று சொல்லியிருக்கிறான். ஒரே மகள். அவளை ஆழ்வார்திருநகரிப் பக்கம் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இவள் மட்டும் கண்மறைவாக வந்திருந்தாள். அவன் காதுக்கு எட்டிவிடுமோ என்று அம்மாவுக்குக்கூடப் போன் செய்யவில்லை.

இதைக் கேட்டது முதல் எனக்கு அவளைவிடப் பயம். காற்றுக்குக் கேட் அசைந்தாலும் எழுந்து ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஒரு மதியம் யாரோ கேட்டைத் தடதடவென்று தட்டினார்கள். முத்துக்கனியைக் கையைப் பிடித்து இழுத்துப் பின்கதவுப் பக்கம் தள்ளிவிட்டு, “முருகா, முருகா” என்று சொல்லிக்கொண்டே துடைப்பத்தோடு போய் எட்டிப் பார்த்தேன். தலையில் அலுமினியச் சட்டியோடு மீன்காரி நின்றாள். என் முகத்தையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம் செய்த மாதிரி ஆகிவிட்டது. தேவையில்லாமல் மீன் வாங்கினேன்.

“சாள மீன் வேணுமான்னு கேக்கத்தானே வந்தேன், என்னைய ஏன் கடல்கொள்ளைக்காரி மாதிரி பாக்கீய?”

பிறந்தநாள் சாப்பாடு

எங்கள் ஊரில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுவது ஒரு வழக்கம். பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு வந்தார். மாதாமாதம் எங்களுக்கு அரிசி தருகிறவரும் அவர்தான். பெண்களைப் படம் எடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம். அண்ணாச்சியின் மகன் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே போனைத் தூக்கினான். “அண்ணாச்சி, படம்...” என்று ஆரம்பித்தேன். “இலையைத்தாம்மா எடுக்கான்” என்றார். அவர் கொடுத்த அரிசிதான் அப்போது இலையில் இருந்தது. நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

குழந்தை தத்தித் தத்திப் போய் முத்துக்கனியின் வாயில் ஒரு லட்டை வைத்தது. அவள் தலையைத் தூக்கிச் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது படமாகிவிட்டது. சாயங்காலம் சாகுபுரத்திலிருந்து மகள் கூப்பிட்டு, “அம்மா, உங்க இல்லத்துப் படம் எங்க வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கு, ஒரு அக்கா எவ்வளவு அழகா சிரிக்கிறாங்க!” என்றாள். அப்போதே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். உடனே எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். ஆனால் அவருக்கு வருத்தம்தான்.

“நல்ல காரியம் நாலு பேருக்குத் தெரியட்டும்னுதானே போட்டோம், அதுல என்னம்மா தப்பு?”

வாசல் பெஞ்சு

அந்த வாரமே அவன் வந்தான். நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் வேறு. இவன் வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். கத்துகிறவனாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போலீசைக் கூப்பிட்டிருப்பேன். இப்படிக் கண்கலங்கி நிற்கிறவனை என்ன செய்ய? போனை எடுத்து அந்தப் பிறந்தநாள் படத்தைக் காட்டினான். “சிரிக்கா பாருங்கம்மா. என்கிட்ட இப்படிச் சிரிச்சதே கிடையாது” என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் கட்டைவிரல் அவள் முகத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு சொன்னான், மகளுக்குக் காய்ச்சலாம், கண் திறக்காமல் அம்மா அம்மா என்று அனத்துகிறதாம். “நீங்களும் பிள்ளை பெத்தவுகதானே?” என்று கேட்டான். யாரையும் இருக்கிறாள் என்று சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. “உக்காருங்க, டீ கொண்டு வாரேன்” என்றேன்.

“டீயெல்லாம் எதுக்கும்மா, அவளை மட்டும் அனுப்புங்க.”

டீ ஆறுமுன்

உள்ளே முத்துக்கனி அடுக்களை ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. துணிப்பை மடியில் இருந்தது. “பிள்ளைக்குக் காய்ச்சலாம்மா, நான் போறேன்” என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். அவள் சொல்வதுதான் முடிவு என்பது எங்கள் பழக்கம். கையைப் பிடித்து நிறுத்தினால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? விட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. தலைவி என்ற சொல்லை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. முருகனைக் கூப்பிட்டேன். எனக்கு வந்ததெல்லாம் ஒரு தாய் கேட்கிற கேள்விதான். “பிள்ளை உங்க அம்மாகிட்டதானே இருக்கு? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ தாயி.”

என் போனில் அவள் நம்பரைச் சொல்ல, நான் அழுத்தினேன். ஒரு தடவை தப்பாகப் போனது. அதற்குள் வெளியே டீ டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. “ஏளா முத்துக்கனி! நீ வெளிய வாரியா, நான் உள்ள வரட்டா?” குரலே மாறிவிட்டது. பாக்கியம் விறுவிறுவென்று கேட்டுக்குப் போய், “நாந்தாம்லே முத்துக்கனி! கட்டுன பொண்டாட்டிய அடையாளம் தெரியலையோ?” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் முத்துக்கனி போனில் பேசினாள். எடுத்தது அவள் அம்மா இல்லை. மகளேதான்.

“அம்மாவா? நான் விளையாடிட்டு இருக்கேம்மா, ஆச்சி பணியாரம் சுடுதா, நீ எப்பம்மா வருவ?”

பின்வாசல்

பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. “போகலம்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அக்கா காவல் நிலையத்துக்குப் பேசினார். ஜீப் தெருமுனையில் திரும்பும்போது அவன் பைக்கை எடுத்துவிட்டான். போகிறபோது என்னிடம் பழையபடி மரியாதையாகவே சொன்னான், “இடம் தெரிஞ்சுபோச்சுல்லாம்மா” என்று. அந்தக் குரல் இன்னமும் கேட்கிறது. மக்ரூன் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

வந்த இன்ஸ்பெக்டரம்மா, இனி இவள் இங்கே இருக்கக் கூடாது, வேறு ஊரில் ஓர் இல்லத்துக்கு இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றார். மகளையும் அம்மாவையும் தாங்களே போய் அழைத்து வந்து அவளிடம் சேர்ப்பதாகச் சொன்னார். ஒரு சிரிப்புக்காக அவள் இடத்தை இழந்தாள். சந்தில் ஆட்டோவை நிறுத்தி, பின்கதவைத் திறந்தோம். சத்தமே வரவில்லை. அத்தனை எண்ணெய் விட்டிருந்தாள். நெற்றியில் விபூதி பூசினேன். அக்கா தலையில் கைவைத்து ஜெபித்தார். ஏறப் போனவள் திரும்பி வந்து கதவைத் தொட்டாள்.

“இது இருக்குன்னு தெரிஞ்ச பொறவுதாம்மா எனக்கு இங்கன தூக்கமே வந்துச்சு.”

கூடை

அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் முறை. மகளும் ஆச்சியும் பத்திரமாக அவளோடு சேர்ந்துவிட்டார்கள் என்று மட்டும் இன்ஸ்பெக்டரம்மா சொன்னார். ஊர் தெரியாமல் இருப்பதும் எனக்கு நல்லதுதான். யாராவது மரியாதையாகக் கேட்டால் நான் சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்ற பயம் இல்லை பாருங்கள்.

அடுத்த கமிட்டிக்கு ஜவுளிக்கடை அண்ணாச்சியையும் கூப்பிட்டிருந்தோம். எழுந்து நின்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். “அண்ணாச்சி, நீங்க அரிசியை நிப்பாட்டினாலும் சரி. இனி யாரு வந்தாலும் போனை வாசல் கூடையில போட்டுட்டுத்தான் உள்ள வரணும்” என்றேன். நடந்ததை அக்கா அவரிடம் சொன்னார். அவர் முகம் வாடிப்போய்விட்டது.

“அரிசியை எதுக்கும்மா நிப்பாட்டப் போறேன், கூடையைக் கொஞ்சம் பெருசா வாங்கு, எங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு போனு.”

பயந்தாங்கொள்ளியைத் தலைவியாக்கியதில் இல்லத்துக்குக் கிடைத்த ஒரே லாபம், இரண்டு கதவின் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் தவறாமல் விடுகிறோம் என்பதுதான். நீங்கள் எந்த ஊரில் எந்த இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டு போனாலும், போனை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.