முகம் கழுவிய சுவர்

வடசேரியில் ஒரு ஸ்டூடியோவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். விலகும்போது சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய பெட்டிக் கேமராவைத் தந்தார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழியோரச் சுவர்களில் மங்கிப்போன விளம்பரங்களைப் படம் எடுத்துத் திரிந்தேன். பல நாள் சாப்பாடு இல்லை. பிலிம் மட்டும் எப்படியோ கிடைத்தது.

திருவட்டாறு போகும் வழியில் ஒரு சோடாக் கடை. அதன் பக்கச் சுவரில் ஒரு கோலி சோடா பாட்டிலை வரைந்திருந்தார்கள். அப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், கீழே மலையாளத்திலும் தமிழிலும் எழுத்து. எல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. என்னிடம் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். அடுத்ததற்கு வழி தெரியாது.

கடைக்கார அக்கா வெளியே வந்தார்.

“ஏலே மக்கா, மனுசி நான் நிக்கேன், செவரையா எடுக்க?”

“ஆமாக்கா, இந்தப் பாட்டிலத்தான்.”

“அப்பம் கொஞ்சம் நில்லு.”

உள்ளே போனவர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து சுவரை நோக்கி ஓங்கினார்.

“ஐயோ அக்கா, வேண்டாம்! இருக்க நெறமும் போயிரும்!”

“படம் எடுக்கதுக்கு முன்ன மொகம் கழுவாண்டாமா?” என்றபடி வீசிவிட்டார்.

சாயம் கரைந்து ஓடும் என்று பயந்தேன். ஓடவில்லை. நனைந்த சுவரில் பாட்டிலும் எழுத்தும் நேற்று வரைந்ததுபோலத் துலங்கின. காய்வதற்குள் எடுத்துவிட்டேன். அவர் தந்த சோடாவைக் குடித்து முடிக்கும்போது சுவர் மறுபடியும் வெளுத்திருந்தது.

படத்தின் ஓரத்தில் காலி வாளியோடு அவரும் நிற்கிறார். அவர் கழுவாமல் இருந்திருந்தால், அதில் எனக்கு வெறும் வெள்ளைச் சுவர்தான் கிடைத்திருக்கும்.