தம்பியை அழவிடச் சொன்ன நாள்

எழுதிப் பழகாத கை இது. கோயில் விழா மலருக்கு ஆளுக்கொரு சிறுவயது நினைவு எழுதித் தரவேண்டும் என்றார்கள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்த கொஞ்சமும் மலையாளம்தான். தமிழ் எழுத்து, அப்பா ஓய்ந்திருக்கும் நேரங்களில் சிலேட்டில் போட்டுக் காட்டியது. அதனால் கோணல்மாணலாகத்தான் வரும். தலை நரைத்த பிறகு மறதியும் சேர்ந்துகொண்டது. எது முந்தி, எது பிந்தி என்று குழம்புகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் தமிழ்க்காரர்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் கார்ப்பரேஷனில் வேலை. அப்பா போர்ட் கொச்சியில் ரோடு பெருக்கினார். விடிவதற்கு முன்னே போய்விடுவார். மத்தியானம் வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மறுபடி குப்பை லாரியோடு போவார். அம்மாவுக்கு யூதர் தெருவில், ஜூ டவுன் என்பார்கள், ஒரு சுக்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவாள். சுக்கு வெளுப்பாக இருக்க வேண்டும் என்று சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அந்தத் தூசி பெரியவர்களையே இருமவைக்கும் என்பதால் கைக்குழந்தையோடு யாரையும் உள்ளே விடுவதில்லை. அம்மா புருவம்வரை வெள்ளையாக வீடு திரும்புவாள். குளிக்காமல் தம்பியைத் தொடமாட்டாள். அவனோ அவளைக் கண்டதுமே கையை நீட்டி அழத் தொடங்குவான். அவள் குளித்து முடிக்கும்வரை அவனைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பது என் பொறுப்பு.

பகல் முழுவதும் அவன் என் பொறுப்புதான். ஓண விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியபோது வீட்டுக்கு வந்தவள், திறந்தபோது திரும்பிப் போகவில்லை. அம்மாவின் பேறுகால விடுப்பு முடிந்திருந்தது. வேறு ஆள் இல்லை. தோப்பும்படியில் ஒரு அம்மாள் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது அம்மாவின் கூலியில் பாதிக்கு மேல். எங்கள் வரிசைக்குப் பின்னாலேயே அங்கன்வாடி ஒன்று இருந்தது. அதில் மூன்று வயது ஆனவர்களைத்தான் சேர்ப்பார்கள். காலை பத்து மணிக்குத் திறந்து, மூன்றரைக்குப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் முடிகிற வேலையை மட்டாஞ்சேரியில் யாரும் யாருக்கும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வார்டுக் கூட்டம் என்று ஒன்றை அந்தக் காலத்தில்தான் நடத்தத் தொடங்கினார்கள். என்ன வேண்டும் என்று ஜனங்களே சொல்லலாமாம். ஆண்கள் ஓடை வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்றார்கள். சுக்கு வேலைப் பெண்கள் ஒன்றாக எழுந்து நின்று, அங்கன்வாடியைக் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை திறந்து வைக்க வேண்டும், கைக்குழந்தைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு இன்னொரு ஆயாவைப் போட வேண்டும் என்றார்கள். கவுன்சிலர் ஒரு பெண். சேச்சி, அதாவது அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் நல்லவர், மேலே எழுதி அனுப்பினார். முதலில் ஒரு வார்டுக்குத்தான் கிடைக்கும், எங்கே தேவை அதிகம் என்று பார்க்க அதிகாரி நேரில் வருவார் என்று பதில் வந்தது.

அம்மா என்னிடம் சொன்னது ஒரே வரி. "அது மட்டும் வந்துட்டா, ஜூன்ல நீ ஸ்கூலுக்குப் போகலாம்."

அதிகாரி வரும் வாரத்தில் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, தோப்பும்படி துறைமுகத்தில் மீன்பெட்டி சுமப்பவர். எந்தக் காரியத்துக்கும் அவரிடம் ஒரு யுக்தி இருக்கும். என்னை எண்ணெய் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதை, பல வருஷம் கழித்து மாமா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"ஆபீசர் வர்ற அன்னிக்குப் பிள்ளைங்களக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு வரிசையா இருத்தாதே அக்கா. எல்லாம் சுகமா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவான்."

"பின்னே எப்படி இருத்தணும்?"

"அழணும். எர்ணாகுளம் வரைக்கும் கேக்கணும். ஒரு மணிநேரம் பால் கொடுக்காம வெச்சாப் போதும், மிச்சத்த அதுங்களே பாத்துக்கும்."

"நீ பெத்திருந்தா தெரியும்டா. கல்யாணத்துக்கே வழியக் காணோம், பச்சப்பிள்ளைய அழவைக்க வந்துட்டான்."

"ஒரு மணிநேரம் அவன் அழுதா, இவ பத்து வருஷம் படிப்பா. யோசிச்சுக்கோ." சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாதே. அது ஆபீசர்கிட்டயே போய், மாமா சொல்லித்தான் அழறாங்கன்னு சொல்லும்" என்றாராம்.

அதனால் அன்று காலையில் எனக்குக் கிடைத்தது கட்டளை மட்டும்தான்.

"எடீ, இன்னிக்கு அவன் என்ன அழுதாலும் தூக்காதே. கையக் கட்டிட்டு நில்லு."

"ஏம்மா?"

"சொன்னதச் செய்."

எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தவள் நான். பெரிய மனிதர் வருகிற நாளில் மட்டும் அம்மா என்னை நம்பவில்லை என்று நினைத்தேன்.

மற்றப் பெண்களுக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லாருக்குமாகப் பேச அம்மா மட்டும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். அதிகாரி பார்ப்பதற்காக அன்று மட்டும் அங்கன்வாடியில் ஒரே பாயில் கைக்குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள். அவரவர் அக்காமார் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஜீப் சத்தம் கேட்டதும் மாமா ஜன்னலைத் திறந்துவிட்டார். குழந்தைகள் குறை வைக்கவில்லை. ஒன்று ஆரம்பித்து, இன்னொன்று பிடித்துக்கொண்டு, அறையே கிழிந்துவிடும் போலிருந்தது.

அதிகாரி மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். மரியாதையாகச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கவுன்சிலர் சேச்சி பேசியது அவருக்குக் கேட்கவில்லை. "எந்தா? எந்தா?" என்று காதருகே கையை வைத்துக்கொண்டார்.

அம்மா முன்னால் வந்தாள். "பாருங்க சாரே. தினமும் இதுதான். நாங்க அங்க சுண்ணாம்புக்குள்ள நிக்கறோம், இதுங்க இங்க இப்படிக் கிடக்குது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். மாமா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தை மறைக்கிறபோது அவர் அப்படித்தான் நிற்பார்.

தம்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுதுகொண்டே போய், ஒரு கட்டத்தில் சத்தம் நின்று, திறந்த வாய் திறந்தபடியே இருக்க உதடு நீலமாகும். அதைக் கண்டதும் என் கை தானாக அவிழ்ந்துவிட்டது. அவனைத் தூக்கி முகத்தில் ஊதினேன். மூச்சு வந்தது. குப்புறப் போட்டு முழங்கையில் தாங்கிக்கொண்டு, டப்பு டப்பு டப்பு என்று போட் சத்தம் போட்டேன். வைப்பீனுக்குப் போகும் போட் படகுத்துறையைவிட்டு நகரும்போது வருமே, அந்தச் சத்தம். அதற்கு அவன் எப்போதும் அடங்குவான். அடங்கினான். பக்கத்தில் கிடந்த குழந்தையும் அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. நான் பாயின் நடுவில் உட்கார்ந்து, ஒன்றைத் தட்டிக்கொடுத்து, இன்னொன்றைக் காலால் மெல்ல ஆட்டி, போட்டை விடாமல் ஓட்டினேன். சற்று நேரத்தில் அறையில் என் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதையும் நிறுத்தினேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். "மிடுக்கி" என்றார். கெட்டிக்காரி என்று அர்த்தம். "தினமும் நீயாணோ நோக்குன்னது?" நீதான் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஆமா சார்."

"கஷ்டமுண்டோ மோளே?"

பின்னால் மாமா இருமினார். அவருக்கு அதுவரை இருமல் இருந்ததில்லை. நான் திரும்பவில்லை.

"ஒரு கஷ்டமும் இல்ல சார். இன்னும் ரெண்டு பிள்ளைங்கன்னாலும் பாத்துக்குவேன்."

"சாரே, இந்தக் குட்டி இப்போ ஸ்கூல்ல இருக்க வேண்டியவ" என்றார் சேச்சி. அதிகாரி அதை மறுக்கவில்லை. வேறு வார்டுகளில் குழந்தையை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், இங்கே வீட்டுக்கு வீடு இப்படி ஒரு அக்கா இருப்பது பாக்கியம், தமிழ்க் குடும்பங்களின் பாசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்குக் கண்ணால் பார்த்தேன் என்று மெதுவாகச் சொன்னார். என் தலையைத் தடவினார். ஏதோ எழுதிக்கொண்டார்.

நேரத்தை நீட்டும் ஏற்பாடு வேறொரு வார்டுக்குப் போயிற்று. அங்கேயும் தேவை இருந்திருக்கும். எங்களுக்கு அங்கன்வாடிச் சுவரில் ஒரு முயலும் ஒரு யானையும் வரைந்து கொடுத்தார்கள். யானை நன்றாகவே இருந்தது. பல வருஷம் போனபின் எங்கள் வார்டிலும் பகல் முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் வந்தது. அப்போது தம்பி ஹைஸ்கூலில் இருந்தான். என் மகளை அங்கே விட்டுவிட்டு நான் சுக்கு வேலைக்குப் போனேன்.

அன்று ஜீப் போனதும் மாமா, "உன் மகளுக்கு ரொம்பச் சாமர்த்தியம் அக்கா" என்று சொல்லிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். சொல்லை மீறித் தம்பியைத் தூக்கியதற்கு அம்மா அடிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அடிக்கவில்லை. சாப்பாட்டின்போது அயிலை மீனின் நடுத்துண்டை, எப்போதும் அப்பாவுக்குப் போவதை, என் தட்டில் வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு வால்துண்டை எடுத்துக்கொண்டார். ஜெயித்ததற்குப் பரிசு என்று நினைத்து முள்ளைக்கூடச் சப்பித் தின்றேன். அம்மா மட்டும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் விஷயங்கள் முன்னே பின்னே இருக்கலாம். மலர் அச்சுக்குப் போவதற்கு முன் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தரவேண்டும். முயலும் யானையும் இருந்தது நிச்சயம், கிளியும் இருந்ததா என்பது சந்தேகம். இன்னொன்று, நான் நாலாம் வகுப்பை முடித்தேனா, நடுவிலேயே நின்றேனா என்று கூடப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லவும். கேட்பவர்களிடம் முடித்ததாகத்தான் சொல்லி வருகிறேன்.